பிரசவ வார்டின் கரண்டைக் குறைத்தவன்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் டிவிஷனுக்குப் போகிற கம்பிப் பாலம் நான் போட்டது. வெள்ளம் அதன் மேலே ஏறிப் போயிருக்கிறது, பாலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் வரிசை நான் கட்டியது. அம்மன் கோயில் மதிலும் மணிக்கூண்டும் நான் கட்டியவை. அடியில் ஈரமண், மணிக்கூண்டு நிற்காது என்று சொன்னவர்கள் இப்போது மழை வந்தால் அதன் கீழேதான் ஒதுங்குகிறார்கள். தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேட்டில் ஒரு மாடி வீடு தெரியும். அது என் வீடு. தோட்டத்துக்காரனுக்கு டவுனில் காணி எழுத மாட்டோம் என்றார்கள். எழுதினார்கள்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதுவும் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் படிப்பித்த பள்ளிக்கூடம். என் பங்குக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்களம் பஸ்ஸில் படித்தேன். கரண்டு வேலை ஃபெக்டரியின் டர்பைன் காம்பராவில், அந்த அறைக்குள்ளேயே நின்று படித்தேன். கொத்து வேலையை, ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, இப்படிச் செய்யக் கூடாது என்று படித்தேன்.

மேலே சொன்ன எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. சீமெந்து ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எழுதிவிடுவது என் வழக்கம். ஆனால் நான் செய்ததில் பெரிய வேலை இவற்றில் எதுவும் இல்லை. அந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரி வீணாக எரித்துக்கொண்டிருந்த கரண்டை நான் குறைத்தேன். அதனால், மூடுவதாக இருந்த பிரசவ வார்டு மூடப்படவில்லை. அதற்காக ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் பலருடைய பெயர் இருக்கிறது. என்னுடையது இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் இது எப்படிப்பட்ட தவறு என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரி முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரி. தகரக் கூரை, ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, மருந்து கொடுக்கிற அறை, பின்பக்கம் பிரசவ வார்டு. அதற்கு லைட் வந்தது தேயிலை ஃபெக்டரியின் டர்பைனிலிருந்து. மலையிலிருந்து ஓடையைக் குழாயில் இறக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து எடுக்கிற கரண்டு. அந்த டர்பைன் காம்பராவில் நான் பல வருடம் வேலை செய்தேன். என் முதல் வேலை அது.

இந்தச் சின்ன டர்பைனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தண்ணீர் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும். கரண்டை யாரும் எடுக்காவிட்டால் சக்கரம் கட்டு மீறி ஓடும். அப்போது கரண்டின் வேகம் கூடி, எரிந்துகொண்டிருக்கிற மிச்சப் பல்புகள் வெடிக்கும். வால்வுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். ஆகவே டர்பைன் கரண்டு உள்ள இடத்தில், மற்ற ஊர்களில் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் சட்டம்: லைட்டை அணைக்காதே.

அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். ஒரு நாள் சாயங்காலம் தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் விருந்து முடிந்து, எல்லா லைட்டையும் ஒரேயடியாக அணைத்துவிட்டார்கள். நான் வால்வைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியில் பிரசவ அறையின் பெரிய பல்பு வெடித்தது. கீழே ஒரு பெண் வலியில் படுத்திருந்தாள். அங்கே அட்டெண்டனாக இருந்தவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். அவர் தன் கையை அவள் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்திருக்கிறார். கண்ணாடி அவர் மணிக்கட்டில் இறங்கியது. அந்தத் தழும்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. அடுத்த நாள் நான் பங்களா, குவாட்டர்ஸ், ஆஸ்பத்திரி என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன்: யாரும் லைட்டை அணைக்கக் கூடாது, ராத்திரியானாலும் பகலானாலும் எரியட்டும். என் பேச்சை எல்லாரும் கேட்டார்கள். மச்சான்தான் எல்லாரையும்விட நன்றாகக் கேட்டார்.

பிறகு காலம் மாறியது. தொண்ணூறுகளில் தோட்டத்தைக் கம்பனி எடுத்தது. டர்பைனை நிறுத்தினார்கள், ஃபெக்டரியைப் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியை அரசாங்கம் எடுத்தது. ரோட்டோரமாக வந்த அரசாங்கக் கரண்டை ஆஸ்பத்திரிக்கும் இழுத்தார்கள். அந்த வேலையைச் செய்தது நான் இல்லை, வெளியிலிருந்து வந்த ஒரு கொந்தராத்துக்காரர். பழைய போர்டில் புதிய வயரைக் கொண்டுவந்து முடிந்துவிட்டுப் போனார். நான் அந்த நேரம் டவுனில் என் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தேன். நான்கு பேருக்கு வேலை கொடுக்கிற பாஸ், அதாவது மேஸ்திரி.

பிரசவ வார்டு எங்கள் சனத்துக்கு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வார்டு வருவதற்கு முன்னால் வலி எடுத்தால் கொழுந்து லொறியில் ஏற்றி டவுனுக்கு இறக்குவார்கள். என் முதல் பிள்ளை லொறியில்தான் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிரோடு வரவில்லை. அதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நாடு முழுக்க மழை இல்லாமல், மணித்தியாலக் கணக்கில் கரண்டு வெட்டிய ஒரு வருடம் வந்தது. அரசாங்கக் கட்டடங்கள் எல்லாம் கரண்டைக் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. எங்கள் ஆஸ்பத்திரி அதன் அளவுள்ள மற்ற ஆஸ்பத்திரிகளைவிட இரண்டு மடங்கு எரிக்கிறதாம். சுகாதாரக் கந்தோரில், அந்த அலுவலகத்தில், கூடிப் பேசி, வருட முடிவுக்குள் குறையாவிட்டால் பிரசவ வார்டை மூடிக் கட்டில்களையும் மருத்துவச்சியையும் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். இரவும் பகலும் ஓடுவது அந்த வார்டு ஒன்றுதானே, அதை மூடினால் கரண்டு குறையும் என்பது அவர்கள் கணக்கு. மச்சானின் மகள் அப்போது முதல் பிள்ளைக்கு நிறைசூலியாக இருந்தாள். தை மாதம் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தார். வருடமோ மார்கழியில் முடிகிறது.

மாகாணத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சிங்கள ஆள், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், நல்லவர். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டுக் குறைவாகக் கரண்டு எடுக்கிற புதிய பல்புகளைப் போடவைத்தார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் இரண்டு பாஷையிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்: வேலை முடிந்தால் அணைக்கவும். அடுத்த மாதம் மீட்டரைப் பார்த்தார்கள். கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக் கூரையின் மழைத்தண்ணீர்ப் பீலி ஒழுகுகிறது என்று டொக்டர் நோனா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயது குறைந்த சிங்களப் பெண், எங்கள் தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டவர். நான் போனது காலை பத்து மணி வெயிலில். உள்ளே போனால் வார்டு, வெராண்டா, மருந்தறை, எங்கும் லைட் எரிகிறது. மச்சான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, குழாயில் பிடித்த தண்ணீரில் பால் விடாத பிளேன்டி கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான், ஆஸ்பத்திரியில கலியாணமா?" என்றேன்.

"யாருக்கு?"

"பட்டப் பகல்ல இத்தன லைட்டு எரியுதே, அதான் கேட்டேன்."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் மத்த பல்பு வெடிக்காம நிக்கும்" என்றார். எனக்கும் ஒரு கோப்பையை நகர்த்திவைத்தார்.

அப்போது ஒரு நர்ஸ் போகிற போக்கில் வெராண்டா லைட்டை அணைத்துவிட்டுப் போனாள். மச்சான் எழுந்து போய் அதைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பழக்கப்பட்ட வேலையைச் செய்கிற ஆள் மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லை.

"சுவிட்சுல அணைக்கச் சொல்லி ஒட்டியிருக்கே மச்சான். தமிழ்லயும்தான் எழுதியிருக்கு."

"வாசிச்சேங்க. ஒட்டினவரு டர்பைன் கரண்டு பாத்திருப்பாரா? பாவம், அவருக்கு என்னா தெரியும்."

"டர்பைன் நின்னு எத்தன காலம்? துருப்புடிச்சு உள்ளுக்குக் கோழி முட்டையிடுது."

"நம்ம டர்பைன் நின்னுச்சு. இப்ப வர்றது பெரிய டர்பைன்ல இருந்து." அவர் பிளேன்டியை ஊதிக் குடித்தார். "ரேடியோவுல தெனமும் சொல்றானே, மேல மழ இல்ல, தண்ணி இல்ல, அதனால கரண்டு இல்லன்னு. அப்ப இதுவும் தண்ணியில வர்ற கரண்டுதானே? சின்னதே அந்த ஆட்டம் ஆடுச்சு. பெருசு என்னா செய்யும்? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பாதி சரி. நாட்டுக் கரண்டும் தண்ணீரில்தான் வந்தது. ஆனால் அது பெரிய இடம், ஒரு ஆஸ்பத்திரி அணைத்ததா எரித்ததா என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதை நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"அணைக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது? வாசலுக்கு வந்து நின்னு, விரல நீட்டி நீட்டி?" என்றார்.

"நான்தான்."

"அப்ப சொன்னவரு நீங்க. இப்ப மாத்திச் சொல்றவரும் நீங்க. எந்த ஆள நம்புறது?" என்று சொல்லி மணிக்கட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தார். தழும்பு மேலே தெரிந்தது.

மூன்று நான்கு லயத்துப் பெண்கள், தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்கள், மருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. லயத்துக்குக் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் டர்பைன் காம்பராவிலிருந்து போட்ட சட்டம் அந்த மலை முழுவதும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அரசாங்கத்தின் ஸ்டிக்கருக்கு அந்தப் பலம் இல்லை. ஒரு மனிதன் சொன்ன சொல் இத்தனை வருடம் நின்றது என்றால் அது சும்மா விஷயம் இல்லை. அந்தச் சொல்லை எடுக்கவும் அதே ஆள்தான் வர வேண்டும்.

நான் டொக்டர் நோனாவின் அறைக்குப் போனேன். பீலி இருக்கட்டும், முதலில் இதைப் பாருங்கள் என்று காரணத்தைச் சொன்னேன். அவர் மச்சானை மாமா என்றுதான் சொல்வார்.

"பாஸ், நான் டெய்லி ஓஃப் பண்றது, மாமா டெய்லி ஓன் பண்றது. நான் நெனைச்சது மாமாவுக்கு வயசு, மறதின்னு" என்றார்.

"மறதி இல்லீங்க நோனா. ஞாபகம்தான் கூட."

அடுத்த கிழமை இன்ஜினியர் வருகிற நாளில் எல்லாருக்கும் முன்னால் அணைத்துக் காட்டுவது என்று ஏற்பாடு செய்தேன். மச்சான் அதற்கு ஒத்துக்கொண்டார், ஆனால் சில காரியங்கள் செய்தார். பெண்கள் வார்டில் இருந்தவர்களை எழுப்பி வெராண்டாவுக்கு அனுப்பினார். கிளினிக்குக்கு வந்திருந்த தன் மகளைக் கொய்யா மரத்தடிக்குப் போகச் சொன்னார். பிரசவ அறையில் ஒரே ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, அதற்கு நேர் கீழே, தலைக்கு மேலே சாப்பாட்டு ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ட்ரே எதுக்கு மச்சான்?"

"கை ஏற்கனவே கொடுத்தாச்சுங்க."

நான் வார்டு வார்டாகப் போய் அணைத்தேன். பிறகு எல்லாவற்றையும் போட்டு, பிரசவ அறைப் பல்பைத் தவிர மற்றதையெல்லாம் போர்டில் ஒரே தட்டில் அணைத்தேன். பங்களாவில் அன்றைக்கு அணைத்த மாதிரி. பிரசவ அறைக்கு ஓடி வந்து பார்த்தால், மச்சான் ட்ரேக்கு வெளியே ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பல்பு அசையவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் ட்ரேயை இறக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இறக்கியபோது அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. இத்தனை வருடம் காவல் காத்தது எதற்கு என்று நினைத்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இன்ஜினியர் கூப்பிட்டார். "பாஸ், மேக்க தாம துவனவா" என்றார். மீட்டர் இன்னும் ஓடுகிறது என்கிறார். பிரசவ அறையின் கடைசிப் பல்பையும் அணைத்தோம். மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டியைக் கழற்றினோம். மீட்டர் நிற்கவில்லை. மெதுவாகக்கூட ஓடவில்லை, நல்ல ஓட்டம்.

"பாத்தீங்களா?" என்றார் மச்சான். அவருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. "அணைச்சாலும் அது குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. இதுக்கா என்னைய ட்ரேயோட நிக்க வச்சீங்க?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சத்தமில்லாமல், லயத்துக்கு யாராவது இங்கிருந்து வயர் இழுத்திருக்கிறார்களா என்று டொக்டர் நோனாவிடம் கேட்டார். நோனா எங்களைப் பார்த்தார். வெராண்டாவில் நின்ற பெண்களுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஒருத்தி, மேல் டிவிஷன்காரி, என்னிடம் சொன்னாள்: "அண்ணே, வார்டயும் மூடிட்டுக் கள்ளப் பட்டமும் கட்டப் போறாங்களா? கேட்டுச் சொல்லுங்க." நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுத்தில் வந்துவிடும். அரசாங்கத்தில் எழுத்தில் வந்தது திரும்பிப் போகாது.

எனக்கு யோசிக்க வேண்டும் என்றால் கைகழுவ வேண்டும். அது என் பழக்கம். பிரசவ அறைக்கு வெளியே இருந்த குழாயைத் திறந்தேன். கையைச் சுட்டது. அப்போதுதான் மச்சான் கலக்கிய பிளேன்டி ஞாபகம் வந்தது. அடுப்பு எங்கேயும் எரியவில்லை. குழாயில் பிடித்த தண்ணீர்.

"மச்சான், இந்தச் சுடுதண்ணி எப்ப இருந்து வருது?"

"எப்பவும் வரும். அரசாங்கம் எடுத்த பொறவு இன்னும் நல்லா வருது. சனமே பேசிக்கிறாங்க, கம்பனி குடுக்காதத அரசாங்கம் குடுக்குதுன்னு."

நான் ஏணியைக் கேட்டேன். அந்த வயதில் எனக்குச் சீலிங்குக்குள் ஏற முடியாது என்று இன்ஜினியர் நினைத்தார், ஏறினேன். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில், பிரசவ அறைக்கு மேலே, தண்ணீர்த் தாங்கி இருந்தது. அதற்குள் தண்ணீரைச் சுடவைக்கிற ஒரு தடித்த கொயில், அதிலிருந்து ரப்பர் சுற்றிய வயர் நேராக மெயினுக்குப் போகிறது. நடுவில் சுவிட்ச் இல்லை. சுவிட்ச் இல்லாதது ஏன் என்று எனக்குத் தெரியும். அதைப் போட்டவன் நான்.

பல்பு வெடித்த பிறகு, டர்பைனில் மிஞ்சுகிற கரண்டை எங்கேயாவது கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சொன்னார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாங்கியில் கொயில் போடலாம், சக்கரமும் அடங்கும், பிள்ளை பெறுகிற பெண்களுக்குச் சுடுதண்ணியும் கிடைக்கும் என்று சொன்னது நான். சுவிட்ச் வைத்தால் யாராவது அணைத்துவிடுவார்கள் என்று வைக்காமல் விட்டதும் நான். அந்தக் காலத்துக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. டர்பைன் நின்ற அன்றைக்கு அதைக் கழற்றியிருக்க வேண்டும். புதிய கரண்டை முடிந்துவிட்டுப் போனவர் மேலே ஏறிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கொயில் ஒரு நிமிடமும் ஓயாமல் அரசாங்கக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேலேயிருந்து வயரைக் கழற்றினேன். கீழே இன்ஜினியர், "நெவத்துனா, நெவத்துனா" என்றார். நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் தூசியோடு இறங்கி வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதற்கு அங்கே நின்ற எல்லாரும் சாட்சி.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மருத்துவச்சி அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சுடுதண்ணி இல்லாம நான் எப்படிங்க பிள்ள எடுக்குறது? லைட்டு இல்லாட்டி மெழுகுதிரியில எடுப்பேன். தண்ணிக்கு என்னா வழி?" என்றார். நியாயமான பேச்சு. வார்டு இருந்து சுடுதண்ணி இல்லாவிட்டால் அது வார்டு இல்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் என் கைவேலை. பழைய இரும்பு டிரம் ஒன்றை வரக்காப்பொலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். கடைக்கார முஸ்லிம் நானா, "ஒங்களுக்கு எதுக்கு பாஸ் இந்த வயசுல டிரம்மு?" என்று கேட்டார். பிள்ளை பெற என்றேன். ஆஸ்பத்திரிக் குசினிக்குப் பின்னால் அடுப்புக் கட்டி டிரம்மை ஏற்றினேன். எரிக்கத் தோட்டத்தில் வெட்டித் தள்ளுகிற ரப்பர் விறகு இருந்தது. மேலே இருந்த தாங்கியைச் சுற்றித் தகரம் அடித்து, இடையில் மரத்தூளை இறுக்கினேன். காலையில் டிரம்மிலிருந்து வாளியில் தூக்கி ஊற்றிய சுடுதண்ணி சாயங்காலம் வரைக்கும் கை தாங்காத சூட்டில் நின்றது. கொயிலை எறியவில்லை. விறகு நனைந்த மழை நாளில் அவசரத்துக்கு வேண்டும் என்று, பிரசவ அறை வாசலில் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்தேன், எரியும்போது தெரிய ஒரு சிவப்புப் பல்பும் வைத்தேன். இருட்டாக இருந்த வார்டுக் கூரையில் தகரத்தை வெட்டிக் கண்ணாடித் தகடு பதித்தேன். ஜன்னலைத் திறந்தால், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்து ஆம்பிளைகள் பார்க்கிறார்கள் என்று பெண்கள் ஜன்னலைச் சாத்தியே வைப்பார்கள். வெளிச்சம் கூரையால் வந்தால் யார் பார்க்க முடியும்? இன்ஜினியர் எல்லாவற்றையும் படம் வரைந்து கையெழுத்துப் போட்டார். படம் நன்றாக இருந்தது. நான் கட்டிய பிறகு வரைந்த படம்.

மச்சானுக்கு மட்டும் வேறு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. லைட்டை அணைக்கிற பொறுப்பை அவரிடமே கொடுக்கும்படி டொக்டர் நோனாவிடம் சொன்னேன். காவல்காரனுக்குக் காவல் வேண்டும், எதைக் காக்கிறோம் என்பது பிறகு. முதல் கிழமை அவர் ஒவ்வொரு சுவிட்சையும் தலையைத் திருப்பிக்கொண்டு அணைத்தார். இரண்டாம் கிழமை நேராகப் பார்த்து அணைத்தார். ஒரு மாதத்தில் ஆள் தலைகீழாக மாறிவிட்டார். நோனா நோயாளியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறை லைட்டை அணைத்துவிட்டார்.

"அனே மாமா, நான் உள்ளுக்குத்தானே இருக்கேன்" என்றார் நோனா.

"ஜன்னல் பக்கமா திரும்பச் சொல்லுங்க நோனா. வாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெறக்கும்" என்றார் மச்சான்.

மார்கழியில் கந்தோரிலிருந்து வந்து மீட்டரைப் பார்த்தார்கள். பாதிக்கும் கீழே போயிருந்தது. வார்டை மூடுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தை மாதம் மச்சானின் மகள் அங்கேயே பெண் பிள்ளை பெற்றாள். அன்றைக்கு மழை, விறகு நனைந்திருந்தது. சிவப்புப் பல்பு எரிந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் மச்சான் முதல் வேலையாக அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பேத்தியைப் பார்க்கப் போனார் என்று மருத்துவச்சி அம்மா சொன்னார். நான் வெராண்டாவில் நின்றேன். லொறியில் போனதை நினைத்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

அந்த வருடமே விழா வைத்தார்கள். கரண்டு மிச்சம் பிடித்த ஆஸ்பத்திரி என்று மாகாணத்தில் பேர் கிடைத்ததாம். மந்திரி வந்து துணியை இழுத்தார். கறுப்புக் கல்லில் தங்க நிறத்தில் எழுத்து. மந்திரி பெயர் மேலே, அதற்குக் கீழே பணிப்பாளர், இன்ஜினியர், டொக்டர் நோனா. கடைசி வரியில் "மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர்கள்." நான் இரண்டு முறை வாசித்தேன். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும், ஆனால் என் பெயர் எழுதியிருந்தால் எந்த மெதுவிலும் தெரியும்.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"என்னா மச்சான், நான் இருக்கேன் பாத்தீங்களா?" என்றார்.

"எங்க?"

"ஊழியர்கள்ல. ஒங்கள எங்க போட்டிருக்காங்க?"

அவர் சிரிக்கத்தான் கேட்டார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. நான் ஊழியன் இல்லை. அதிகாரியும் இல்லை. அந்தக் கல்லில் எனக்கு இடம் ஒதுக்க அவர்களிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை. டொக்டர் நோனாவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. பெயர்கள் கந்தோரிலிருந்து வந்தவை, அவர் கையில் இல்லை என்றார். உண்மையாகத்தான் இருக்கும். அவர் மாற்றலாகிப் போகும்போதும் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். இன்ஜினியரிடமும் சொன்னேன். அவர் அடுத்த முறை பார்ப்போம் என்றார். அடுத்த முறை வருவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

மந்திரி பெயர் இருப்பதில் எனக்குக் கோபம் இல்லை, துணியை இழுத்தது அவர்தான். இன்ஜினியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காவிட்டால் கொயில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், அதை நான் மறைக்கவில்லை. நோனா என்னைக் கூப்பிடாவிட்டால் நான் உள்ளே போயிருக்க மாட்டேன். எல்லாரும் இருக்கட்டும். ஆனால் அந்தக் கொயிலைப் போட்டவன், எடுத்தவன், லைட்டை அணைக்காதே என்றவன், அணை என்றவன், டிரம் ஏற்றியவன், கூரையைத் திறந்து வெளிச்சம் விட்டவன் ஒரே ஆள். ஒரு கட்டடத்தை அத்தனை பக்கத்திலும் தெரிந்த ஆளை அதன் சுவரில் எழுதாமல் விடுவது முறை இல்லை.

மச்சான் போன வருடம் காலமானார். கல்லில் என் பெயரைப் போடச் சொல்லி எனக்காகச் சண்டை போட ஊரில் இனி ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிய முகப்புக் கட்டப் போகிறார்கள், கல்லைக் கழற்றி முன்பக்கம் பதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கழற்றும்போது செய்வதுதான் சுலபம். ஊழியர்கள் என்ற வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமனே இருக்கிறது. நான் அளந்து பார்த்திருக்கிறேன். எழுத்தைச் சின்னதாக வெட்டினால் இரண்டு வரி போகும், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. வெட்ட ஆள் இல்லையென்றால் உளியோடு நானே வருவேன், கூலி வேண்டாம்.

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அது என்ன என்று கந்தோரில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதை எழுத வேண்டியது அந்தக் கல்லில். எழுதுங்கள்.